சுவரோடு ஒட்டிக்கிடந்த பக்கம்

ஆர்ஸெல்லா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த பிறகு. அம்மா தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். ஐஸாயா வந்து வாசற்படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினான். ஐஸாயா எனக்கு மாமன் மகன். அம்மாவின் அண்ணன் ரூபென் இருந்தாரே, அவருக்கு மூத்தாள் வயிற்றில் பிறந்த கடைசிப் பிள்ளை. என்னைவிட ஒரு வயது சின்னவன்.

"அத்தை, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"யாரு பொண்ணு?"

"ஆர்ஸெல்லா."

"பேரையா கேட்டேன்? யாரு ஜனம்னு கேட்டேன்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம். பிக்கெட் வீட்டுப் பொண்ணு."

"எந்த பிக்கெட்? நொண்டுற பிக்கெட்டா, பொய் சொல்ற பிக்கெட்டா?"

"நொண்டுறவரு."

"அப்பச் சரி," என்று அம்மா இன்னொரு கை பயறை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவன்தான் அவளைப் பற்றி ஒரு கதையையும் சொன்னான். பதினோரு வயதில் ஆர்ஸெல்லா பருத்திக்காட்டில் பாதிச் சாலில் சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாளாம். மூன்று மைல். அப்பன் நொண்டிக்கொண்டே பின்னால் போய், வகுப்புக்குள் புகுந்து, கையைப் பிடித்து இழுத்து வந்து மறுபடி அதே சாலில் நிறுத்தினானாம். அதோடு படிப்பு போயிற்று. அஞ்சாம் வகுப்பு.

"பிடிவாதக்காரி," என்றாள் அம்மா. "உனக்கு அதுதான் சரி. நீ தண்ணி ஜாஸ்தியான மாவு."

கல்யாணம் நடந்தது. டலிவர் என்கிற வெள்ளைக்காரத் துரையின் நிலத்தில் குத்தகைக்குக் குடிவைத்தார்கள். டெல்ஃபின் பிறந்தாள். பிறகு எட்டு வருஷம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஹோரஸ். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, ஆற்றங்கரையை உயர்த்துகிற வேலையில் மண் வாரும் வண்டி கவிழ்ந்து ஐஸாயா செத்துப்போனான். நாற்பது நாள் ஆர்ஸெல்லா யாரோடும் பேசவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் எழுந்து, துணியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, உதவிப் பண ஆபீசுக்குப் போனாள். அப்பன் இல்லாத, இருந்தும் உழைக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் அனுப்புகிற செக். எங்கள் கறுப்பர் பக்கத்தில் பாதி வீட்டில் அதுதான் அடுப்பு எரித்தது.

ஆனால் அந்தச் செக்குக்கு ஒரு பருவம் உண்டு. பருத்தி வெடித்தால் செக் நிற்கும். செப்டம்பர் முதல் வாரம் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வரும்: காட்டில் வேலை இருக்கிறது, உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, ஆகவே உதவி நிறுத்தப்படுகிறது. மறுநாள் விடியுமுன் டலிவர் துரையின் லாரி வந்து வாசலில் ஹாரன் அடிக்கும். எங்கள் பேரெல்லாம் லாரிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை. காற்று திரும்பினால் குளிர் வருகிற மாதிரி, பருத்தி வெடித்தால் செக் நிற்கிறது என்று இருந்துவிட்டோம்.

அந்தக் காகிதம் மட்டும் நல்ல காகிதம். கெட்டியாக இருக்கும். அப்போது பலகை வீடுகளில் இடுக்கு வழியாகக் காற்று அடிக்கும். கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பத்திரிகையையும் பெட்டி அட்டையையும் சுவரில் ஒட்டுவோம். ஆபீஸ் காகிதம் வந்தால் அதையும் ஒட்டுவோம். எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிய, பின்பக்கம் சுவரோடு. என் வீட்டுக்காரருக்குக் கால் போனதிலிருந்து எனக்கும் செக்கும் காகிதமும் வந்துகொண்டிருந்தன. என் கட்டிலுக்கு மேலேயே ஏழு காகிதம் இருந்தன.

அறுபத்தாறாம் வருஷம் செப்டம்பரில் ஆர்ஸெல்லா வீட்டுக்கு அது வந்த அன்று வீட்டில் மாவு இல்லை. காகிதம் மேசைமேல் கிடந்தது. டெல்ஃபினுக்கு அப்போது பதின்மூன்று வயது. கையில் எது கிடைத்தாலும் படிக்கிற பெண், உப்பு டப்பாவில் இருப்பதையும் விடமாட்டாள். திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, பின்னாடியும் எழுதியிருக்கு."

"என்னன்னு?"

"பொடி எழுத்து. இந்த முடிவு உங்களுக்குச் சம்மதம் இல்லேன்னா, பதினஞ்சு நாளுக்குள்ள எழுதிக் கேட்டா விசாரணை வைப்பாங்களாம். அது உங்க உரிமையாம்."

ஆர்ஸெல்லா அடுப்பை விட்டு வந்தாள். "திரும்பப் படி."

மூன்று தடவை படிக்கச் சொன்னாளாம். பிறகு சுவரைப் பார்த்தாளாம். மூன்று வருஷக் காகிதம், மூன்றும் நல்ல பசையில் ஒட்டியது.

அவளுக்கு அந்த வருஷம் ஏன் அத்தனை அவசரம் என்றால், டெல்ஃபினுக்காக. தாய் காட்டுக்குப் போனால் சின்னது இரண்டையும் பார்க்க டெல்ஃபின் வீட்டில் நிற்க வேண்டும், நவம்பர் கடைசி வரை. முந்தின வருஷம் அப்படி நின்று எட்டாம் வகுப்பில் தோற்றாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் பேரை எடுத்துவிடுவோம் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அது என்ன என்று தெரியும்.

மறுநாள் காலை நான் லாரியில் இருந்தேன். ஓட்டுகிறவன் ஹோஸியா, நம் ஆள்தான். மூன்று தடவை ஹாரன் அடித்தான். ஆர்ஸெல்லா கதவைத் திறந்து வந்தாள். தலையில் துணி கட்டவில்லை, இடுப்பில் சாக்கு இல்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு ஹோஸியா. நான் வரல."

"வரலன்னா? தொரைகிட்ட நான் என்ன சொல்றது?"

"வரலன்னு சொல்லு. ஒரே வார்த்தை. மறந்துட்டா வந்து கேட்டுக்க."

லாரியில் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கோயில் டீக்கனின் பெண்டாட்டி வில்லி மே, "மகாராணிக்கு செக்கு கட்டிலுக்கே வந்துரும்போல," என்றாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுதத்தான் வேண்டும்.

டெல்ஃபின் தன் கையால் கடிதம் எழுதினாள். ஆர்ஸெல்லா அதைத் தபாலில் போடவில்லை. தொலைந்துபோனது என்பார்கள் என்று நேரே ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அங்கே மிஸ் ஹேல் என்கிற வெள்ளைக்காரி. எங்கள் எல்லாருடைய காகிதக் கட்டும் அவள் அலமாரியில்தான். கடிதத்தைப் பார்த்துவிட்டு,

"ஆர்ஸெல்லா, இதை உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்றாள்.

"என் பொண்ணு, அம்மா."

"எந்தப் பெரிய மனுஷன் சொல்லிக் குடுத்தான்?"

"உங்க காயிதந்தான் அம்மா சொல்லிக் குடுத்துச்சு. பின்பக்கத்துல."

மிஸ் ஹேல் சிரித்தாளாம். "இதெல்லாம் சும்மா அச்சடிக்கிறது. யாரும் கேக்க மாட்டாங்க. போய் லாரியில ஏறு."

"இந்தக் கடிதாசியை வாங்கிக்கிட்டேன்னு ஒரு முத்திரை குத்திக் குடுங்க, போறேன்."

மாலை அஞ்சு மணி வரை அங்கேயே நின்றாள். கறுப்பர் உட்காரப் பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. கதவைப் பூட்டுகிற நேரத்தில் முத்திரை விழுந்தது.

அந்த வாரம் ஊர் இரண்டுபட்டது. எங்கள் கோயிலில் டீக்கன் ஃப்ளாய்ட் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். "தங்கச்சி, நீ ஒருத்தி முரண்டு பண்ணா எல்லா செக்கையும் ஒட்டுமொத்தமா நிறுத்திப்புடுவாங்க. ஏற்கெனவே வெள்ளைக்காரன் நம்ம ஜனத்தை உக்காந்து திங்கிறவங்கன்னு பேசறான். நீ வேற அதை நிஜமாக்காத."

"அண்ணே, நான் எட்டு வயசுலேர்ந்து பருத்தி எடுத்தேன். எப்ப உக்காந்தேன், நீங்களே சொல்லுங்க."

டீக்கன், "ஜெபம் பண்ணு," என்றார்.

"பண்றேன். பண்ணிட்டு விசாரணைக்கும் போறேன்."

ஐனெஸ் காப் என்று ஒரு வெள்ளைக்காரி, சரளைக்கல் ரோட்டுக் கடைசியில் இருந்தாள். அவள் புருஷனும் குத்தகை விவசாயி. டிராக்டர் கவிழ்ந்து செத்தான். நாலு பிள்ளை. நம் வீடு மாதிரியே பலகை வீடு, அதே இடுக்கு, அதே காற்று. அவள் கடையில் நின்று, எங்கள் காதில் விழும்படியே பேசுவாள்: "இந்தக் கறுப்பிகளுக்கு மாசாமாசம் அரசாங்கம் அள்ளிக் குடுக்குது. பெத்துக்கிட்டே இருந்தா போதும்." கடைக்காரன் தலையை ஆட்டுவான்.

அக்டோபர் முதல் தேதி ஆர்ஸெல்லா தபாலாபீசுக்குப் போயிருந்தாள். ஐனெஸுக்கு ஓர் உறை வந்தது. பழுப்பு நிறம், நடுவில் கண்ணாடித்தாள் வைத்தது. அந்த உறையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டே சொல்வோம். ஐனெஸ் அதை வெடுக்கென்று ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனாள். எங்களுக்கு நின்ற செக் அவளுக்கு நிற்கவில்லை.

ஆர்ஸெல்லா ரோட்டில் அவளை எட்டிப் பிடித்தாள்.

"மிஸ் ஐனெஸ், ஒரு வார்த்தை."

"என்ன?"

"உங்க செக் இந்த மாசம் நிக்கலயா?"

ஐனெஸுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "எந்த செக்? எனக்கு வர்றது விதவைப் பென்ஷன். மிஸ் ஹேலே சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வர்றது தர்மப் பணம். ரெண்டும் ஒண்ணா?"

"என் வீட்டுக்காரரும் செத்துத்தான் போனாரு அம்மா. உறை ஒண்ணு, ஆபீஸ் ஒண்ணு, அலமாரி ஒண்ணு."

"அப்படியெல்லாம் கிடையாது!"

"உங்களைப் பருத்தி எடுக்கப் போன்னு சொல்லலயா?"

"நான் எப்படிப் போவேன்? எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கே!"

சொல்லிவிட்டு ஐனெஸ் ஆர்ஸெல்லாவையே பார்த்தாளாம். பிறகு, "விசாரணை கிசாரணைன்னு என் பேரை எங்கயாவது இழுத்தே, அவ்வளவுதான்," என்று சொல்லி வேகமாக நடந்துவிட்டாள்.

அன்று என்னிடம் வந்து இதைச் சொன்னபோது நான் கொதித்தேன். "பொய்க்காரி!"

"பொய்யில்ல அக்கா," என்றாள் ஆர்ஸெல்லா. "அவ அதை நம்புறா. அவளுக்கு அப்படிப் பேர் வச்சுக் குடுத்திருக்காங்க."

மறு வாரம் ஹோஸியா தலையைக் குனிந்துகொண்டு வந்து அவளிடம் சேதி சொன்னான். துரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், சனிக்கிழமைக்குள். ஆர்ஸெல்லா மூட்டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எங்களுடையது என் மாமனார் வாங்கிப்போட்ட ஏழு ஏக்கர். யாரும் எங்களைக் கிளப்ப முடியாது. என் வீட்டுக்காரர் வெல்டன்தான் முணுமுணுத்தார்.

"நாம அஞ்சு பேரு. இவங்க நாலு பேரு. ரெண்டே ரெண்டு கட்டிலு."

"தலைமாடு கால்மாடா படுத்தா ஒம்பது பேரு படுக்கலாம்," என்றேன்.

"அப்ப என் காலை யாரு மூஞ்சியில வைக்கிறது?"

"உங்களுக்குத்தான் ஒரு காலு கம்மியாச்சே, இடம் மிச்சம்."

ஆர்ஸெல்லா ஐஸாயா செத்த பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு மைல். டெல்ஃபின் ஒரு நாள் தவறவில்லை. தட்டைப்பயறும் சோளரொட்டியும்தான் மூன்று வேளையும். கடைசியில் ஹோரஸ் பயறைக் கண்டாலே அழுதான்.

விசாரணை கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் நடந்தது. தலைநகரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். மிஸ் ஹேல் கட்டோடு வந்தாள். எங்கள் பக்கம் ஆர்ஸெல்லா, நான், எழுதிக்கொள்ள டெல்ஃபின். அந்த ஒரு நாள் மட்டும் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மிஸ் ஹேல் தொடங்கினாள். "ஆர்ஸெல்லாவுக்கு உடம்புல ஒரு குறையும் இல்லை. காட்டுல வேலை இருக்கு. லாரி வாசலுக்கே வருது. அவளுக்கு வேலை செய்ய இஷ்டமில்லை."

கண்ணாடிக்காரர் கேட்டார்: "ஏன் போகலை?"

"ஐயா, நான் காட்டுக்குப் போனா, சின்னதுங்களைப் பாத்துக்க இந்தப் பொண்ணு படிப்பை விடணும். போன வருஷம் விட்டா, தோத்துட்டா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இந்த ஆபீசுல வெள்ளைக்காரத் தாய்மாரும் பணம் வாங்குறாங்க. பருத்தி வெடிச்சதுன்னு அவங்க யாருக்காவது செக் நின்னுச்சா?"

மிஸ் ஹேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்களுக்கு அந்த வேலை பழக்கமில்லை."

"அப்ப வாங்குறாங்க."

"யாரைச் சொல்றே? உனக்கு யாரைத் தெரியும்? பேரைச் சொல்லு!"

மேசைக்கடியில் நான் ஆர்ஸெல்லாவின் காலை மிதித்தேன். சொல்லித் தொலையேன்! ஐனெஸ் காப், சரளைக்கல் ரோடு, அக்டோபர் முதல் தேதி, பழுப்பு உறை. ஒரு பேர் சொன்னால் வழக்கு முடிந்தது. அவள் எங்களை என்னவெல்லாம் பேசினாள்!

ஆர்ஸெல்லா காலை இழுத்துக்கொண்டாள். "பேரெல்லாம் உங்க அலமாரியில இருக்கு அம்மா. நான் சொன்னா அந்த வீட்டுப் புள்ளைங்களை ஊரே பாத்துச் சிரிக்கும். எனக்குப் பேரு வேண்டாம். எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க. அதுல எத்தனை பேருக்கு நின்னுச்சுன்னு சொல்லுங்க. என் பொண்ணு எழுதிக்குவா."

டெல்ஃபின் பென்சிலை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் மிஸ் ஹேலைப் பார்த்தார். அவள் கட்டைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள்.

"இருபத்தாறு," என்றாள்.

"நின்னது?"

மிஸ் ஹேல் கட்டை மூடினாள். கண்ணாடிக்காரர்தான் கடைசியில், "ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கோ," என்றார், டெல்ஃபினிடம். தானும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சிறு பிள்ளைகள் இருப்பதால் இவளுக்கு மட்டும், இந்தப் பருவத்துக்கு மட்டும், உதவி திரும்பத் தரப்படும். நாங்கள் குதித்தோம். வெல்டன் ஊன்றுகோலைத் தரையில் தட்டிப் பாடினார். ஆர்ஸெல்லா மட்டும் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

"இந்தப் பருவத்துக்கு மட்டும்னா, அடுத்த செப்டம்பர்ல?"

"அப்ப பாத்துக்கலாம்," என்றேன்.

"அப்ப டெல்ஃபின் ஒம்பதாவது. அதுக்கடுத்து பத்தாவது. ஒவ்வொரு வருஷமும் நான் ஒருத்தி போய் அந்த ரூம்புல நின்னா, ஒரு வருஷம் தோப்பேன் அக்கா. முப்பது பேரு நிக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வாளியில் வெந்நீர் எடுத்தாள். என் கட்டில்மேல் ஏறி, ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, சுவரிலிருந்த ஏழு காகிதத்தையும் உரித்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அதே பொடி எழுத்து. மாவு படிந்து மங்கலாக இருந்தது, ஆனால் படிக்கலாம். ஏழு வருஷமாக அதற்குக் கீழேதான் தலை வைத்துப் படுத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். வாளியும் துணியும் கொண்டு. "உன் சுவத்தைக் கொஞ்சம் பிய்க்கணும்," என்பாள். "பிய்ச்சா காத்து வருமே" என்பார்கள். "வரட்டும்" என்பாள். சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். வில்லி மேயின் தங்கையும் செக் வாங்கினாள். அவள் வீட்டில் உரித்துக்கொண்டிருக்கும்போது வில்லி மே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மகாராணி, இங்கயும் வந்தாச்சா?"

"துணியைப் பிழிஞ்சு குடுக்க ஆள் இல்ல. நீங்க வந்தது நல்லதாப் போச்சு," என்று ஆர்ஸெல்லா ஈரத்துணியை நீட்டினாள். வில்லி மே வாங்கிப் பிழிந்தாள். பிழியும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

மறு வருஷம் காகிதங்கள் முன்கூட்டியே, ஆகஸ்டிலேயே வந்தன. பதினஞ்சு நாள் கெடு முடியுமுன் முப்பத்தொரு பெண்கள் ஒரே நாளில் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றோம், ஆளுக்கொரு கடிதம். எல்லாம் டெல்ஃபின் கையெழுத்து, அடியில் அவரவர் பேர், பேர் எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி. முப்பத்தொரு முத்திரை குத்த மிஸ் ஹேலுக்கு மத்தியானம் ஆயிற்று. முப்பத்தொரு விசாரணை வைக்கத் தலைநகரிலிருந்து எத்தனை கண்ணாடிக்காரர் வர வேண்டும்? ஒருவரும் வரவில்லை. செப்டம்பர் செக் வந்தது. அக்டோபர் செக்கும் வந்தது. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. லாரி வந்து ஹாரன் அடித்தது; போக நினைத்தவர்கள் போனார்கள்.

அதற்குப் பிறகு துரைகள் பருத்தி எடுக்கிற எந்திரம் வாங்கினார்கள். ஓர் எந்திரம் அறுபது பேர் வேலையைச் செய்தது. லாரி வருவது நின்றது. கையில் வேலை வேண்டும் என்று நாங்கள் கேட்டுத் திரிந்த அந்த வருஷங்களில்தான் எங்களைச் சோம்பேறிகள் என்று பேசுவது இன்னும் அதிகமாயிற்று. ஐனெஸ் காப் சாகும்வரை கடையில் அதே பேச்சுத்தான் பேசினாள். ஆர்ஸெல்லாவைக் கண்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு ரொட்டி விலையைக் கேட்பாள். ஆர்ஸெல்லா ஒருநாளும் அவள் பேரை எடுத்ததில்லை. நான்தான் இப்போது எழுதுகிறேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது கிழடாகிவிட்டார்கள்.

டெல்ஃபின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பிக்கெட் வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, அது முதல் தடவை. பட்டம் வாங்குகிற அன்று ஆர்ஸெல்லா கைதட்டவில்லை. கை மடியில் இருந்தது, கண் மேடையில் இருந்தது. பிறகு ஆர்ஸெல்லா இருபது வருஷம் டெல்ஃபின் படித்த அதே பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள்.

ஆர்ஸெல்லாவுக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. பைன் பிளஃப் நகரத்தில் டெல்ஃபின் வீட்டில், தெருவைப் பார்த்த முன்னறையில் இருக்கிறாள். எந்தக் காகிதம் வந்தாலும் இப்போதும் முதலில் பின்பக்கத்தைத்தான் படிக்கச் சொல்கிறாள்.